பச்சை ஈ வளர்ப்பு: மூன்றாவது முயற்சி

எங்கள் தெருக்கோடியில் கருவாடு காயப்போடும் அக்காவிடம், மீனை மொய்க்கும் பச்சை ஈயைப் பற்றிக் கேட்டேன். "உப்பு கம்மியானாப் போச்சு தம்பி, ரெண்டே நாள்ல புழுத்துடும்" என்றார். அந்த ரெண்டு நாளில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கத்தான் மொட்டைமாடியில் இதை ஆரம்பித்தேன்.

முதல் முறை வைத்த மீன்தலையில் விழுந்த முட்டைகளை எறும்பு தூக்கிப் போய்விட்டது. இரண்டாவது முறை புழுக்கள் நன்றாக வந்தன. ஆனால் நடுவே உடம்பெல்லாம் முள் முள்ளாகச் சில புழுக்கள் தென்பட்டன, மற்றவை குறைந்துகொண்டே போயின. அது கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ், பக்கத்துப் புழுக்களையே பிடித்துத் தின்னும் இன்னொரு இனம். எனக்கு வேண்டியது அதன் உறவான கிரைசோமியா மெகாசெபாலா, அதாவது மீனை மொய்க்கும் அந்தப் பச்சை ஈ. இந்த முறை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். முட்டை விழுந்ததும் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட்டேன்.

நாள் 1: மதியம் மூன்று மணிக்குச் சாளைத் தலையின் செவுளுக்குள் முட்டைக் குவியல். அரிசிக் குருணை போல வெள்ளையாக இருந்தது. ஒரு ஈ ஒரு தடவைக்கு இருநூறு, முந்நூறு முட்டை இடும். ஒன்று இட்ட இடத்திலேயே மற்றவையும் வந்து இட்டன.

நாள் 2: காலையிலேயே பொரிந்துவிட்டது.

நாள் 4: லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்து, வாலை மேலே நீட்டிக்கொண்டு தின்கின்றன. மூச்சுத்துளைகள் வால் பக்கம்தான் இருக்கின்றன, அதனால் தின்பதை நிறுத்தாமலே மூச்சு விடலாம். அந்தத் துளைகள் இருக்கும் சின்னத் தட்டு ஒவ்வொன்றிலும் மூன்று கீறல் தெரிந்தால் அது மூன்றாம் பருவம், கடைசிப் பருவம். நேற்று இரண்டுதான் தெரிந்தது, இன்று மூன்று. குவியலுக்குள் விரலை வைத்தால் (கையுறையோடுதான்) சூடு தெரிகிறது. கூட்டமாகத் தின்னும்போது அவையே உண்டாக்கும் வெப்பம் அது.

நாள் 5: தின்பது நின்றது. எல்லாம் மீனை விட்டு இறங்கி, அடியில் போட்டிருந்த காய்ந்த மணலுக்குள் நுழைந்தன. ஈரமும் வெளிச்சமும் இல்லாத இடம் தேடுகின்றன. கருவாட்டுக் களத்தில் மீனை மட்டும் சுத்தம் செய்தால் ஏன் போதாது என்பது இங்கேதான் புரிந்தது. பாதிப் பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள்!

அப்புறம் கூட்டுப்புழு. வெள்ளைத் தோல் சுருங்கி, இறுகி, பழுப்பாகிறது. மணலைச் சலித்து எண்ணினேன்: 143.

நாள் 10: விடியற்காலையில் முதல் ஈ. நெற்றியில் பலூன் போல ஒரு பை உப்பி உப்பி அடங்க, அந்த அழுத்தத்தில் கூட்டின் மூடி திறந்துகொண்டது. வெளியே வந்தபோது சாம்பல் நிறம், மடங்கிய இறக்கை. இரண்டு மணி நேரத்தில் நீலப்பச்சை மினுக்கம் ஏறியது. அந்த நிறம் ஏறுவதை நேரில் பார்க்காதவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மொத்தம் 118 வெளிவந்தன. ஆணையும் பெண்ணையும் கண்ணிலேயே பிரித்துவிடலாம். பெண்ணுக்குக் கண்களுக்கிடையே இடைவெளி உண்டு. ஆணுக்கு இரண்டும் ஒட்டியிருக்கும், மேல் பாதியின் கண்ணறைகள் (கண்ணில் தெரியும் குட்டிக் குட்டிக் கட்டங்கள்) கீழ்ப் பாதியைவிடப் பெரியவை, நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை. மெகாசெபாலா என்றால் பெருந்தலை. அந்தப் பெரிய சிவப்புக் கண்ணைப் பார்த்தால் பெயர் சரிதான் என்று தோன்றும்.

கழிப்பறை, குப்பைமேடு, மீன் சந்தை என்று சுற்றும் ஈ, அங்கிருந்து கிருமியைச் சோற்றுக்குக் கொண்டுவரும். அதனால் ஒன்றையும் வெளியே விடவில்லை. ஆனால் இதே ஈதான் மாம்பூவில் மகரந்தம் சேர்க்கிறது. அதற்காகவே தோப்பில் அழுகிய மீனைக் கட்டித் தொங்கவிடும் மாந்தோப்புக்காரர்களும் உண்டு.

நாள் 19: சர்க்கரைத் தண்ணீர் மட்டும் வைத்த கூண்டில் முட்டையே இல்லை. ஆட்டு ஈரலும் வைத்த கூண்டில் இன்று காலை துண்டின் அடியில் வெள்ளைக் குருணை. முட்டை முதிரப் பெண்ணுக்குப் புரதம் வேண்டும். நாளைக்கு அக்காவிடம் உப்பு போட்ட சாளையும் போடாத சாளையும் வாங்கி, அந்தக் கூண்டில் பக்கம் பக்கமாக வைக்கப் போகிறேன்.