ஐந்து வரைக்கும் ஒரு கணக்கு, ஆறிலிருந்து வேறு கணக்கு

எங்கள் வீட்டில் ஜூன் என்றால் நகை அடகுக்குப் போகும் மாதம். மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருடத்திலிருந்து அப்படித்தான். தோடும் ஒரு சங்கிலியும் நிச்சயம் போகும், சில வருடம் வளையலும் கூடச் சேரும். தீபாவளிக்கு முன்னால் எப்படியாவது மீட்டுவிடுவோம். பொங்கல் கழிந்து மூன்றாம் டேர்ம் வந்ததும் மறுபடியும் போகும். 2024-ல் மகள் ஐந்தாம் வகுப்பை முடித்தாள், மகனுக்கு எல்.கே.ஜி. வயது வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஃபீஸ் என்று பேச்சு வந்ததும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முட்டிக்கொண்டது. அவருக்குத் தனியார் பள்ளிதான், எனக்கு அரசுப் பள்ளி. அந்தக் கோடையை எப்படித் தாண்டினோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இண்டூர் பக்கம். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோடு. 2 ஏக்கர் மல்பெரி, ஒரு புழு வளர்ப்பு மனை. நான் வீட்டிலேயே தையலும் பார்க்கிறேன். பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பேட்ச் கணக்குத்தான். இளம்புழு வாங்கி வந்து, இலை போட்டு, கூடு கட்டவைத்து, தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் விட்டால்தான் பணம். நல்ல பேட்ச் ஒன்றில் செலவெல்லாம் போகக் கையில் நிற்பது 30,000 ரூபாய் இருக்கும். கோடையில் அதுவும் ஆட்டம் காணும். அந்த வருட ஏப்ரல் வெயிலை இந்தப் பக்கம் யாரும் மறக்கமாட்டார்கள். இலை காய்ந்தது, புழு பாதிக்கு மேல் சரியாகக் கூடு கட்டவில்லை. அந்த நேரத்தில்தான் பள்ளியிலிருந்து அடுத்த வருடக் கட்டணம் என்று மெசேஜ் வந்தது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர். தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவர். சூப்பர்வைசர் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிற பேப்பரை அடுத்தவரிடம் காட்டிக் கேட்டு வேலை செய்தது இன்னும் அவருக்கு உறுத்தல். "என் பிள்ளைங்க யார்கிட்டயும் போய் இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டு நிக்கக் கூடாது" என்பார். அதோடு அவருடைய அண்ணன் பிள்ளைகள் இரண்டும் மெட்ரிக் பள்ளி. பங்காளி வீட்டு விசேஷத்தில் அந்தப் பிள்ளைகள் டையும் ஷூவுமாக வந்து நிற்கும்போது நம் பிள்ளை அரசுப் பள்ளி என்றால் எப்படி என்பது வாயைத் திறந்து சொல்லாத காரணம். என் மாமியார் அதை வாயைத் திறந்தே சொன்னார்.

எனக்கு வேறு கவலை. அடகுக் கடைக்குப் போவது நான். சீட்டு கட்டுவது நான். தையல் காசில் வேன் ஃபீஸ் போவது எனக்குத்தான் தெரியும். அவருக்கு ஃபீஸ் என்றால் பள்ளி மெசேஜில் வந்த தொகை மட்டும்தான். "32,000 தானே, ஒரு பேட்ச் எடுத்தா முடிஞ்சுது" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது.

புழு கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போது எங்கள் வீட்டில் சண்டை போடக்கூட நேரம் இருக்காது. இலை வெட்டுவதும் போடுவதுமே சரியாக இருக்கும். பழுத்த புழுவைக் கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் விட்டபிறகுதான் சில நாள் மூச்சு விடலாம். அப்படி ஓய்ந்த ஒரு ராத்திரி, பிள்ளைகள் தூங்கியதும் பழைய ரசீதுகள், அடகுச் சீட்டுகள், என் தையல் நோட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். நான் கணக்குச் சொல்லவில்லை. அவரையே கூட்டச் சொன்னேன். நான் கூட்டியிருந்தால் அது என் கட்சிக் கணக்காகிவிடும்.

மகளுக்கு ஒரு வருடம்: ஃபீஸ் 32,000, வேன் 14,000, புத்தகம் நோட்டு 6,500, சீருடை ஷூ 4,000, டியூஷன் 6,000, ஆண்டு விழா உடை, சுற்றுலா, போட்டோ என்று 2,500. மொத்தம் 65,000. அதற்குக் கீழே அடகு வட்டியை எழுதச் சொன்னேன். "அது ஃபீஸா?" என்றார். "ஃபீஸுக்காக வெச்ச நகைக்கு வட்டி வேற எதுலங்க சேரும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தவர், சரி என்று 3,500 எழுதினார். மகனுக்கு எல்.கே.ஜி. அதே பள்ளியில் என்றால் எல்லாம் சேர்ந்து 38,000. கூட்டினால் 1 லட்சத்தைத் தாண்டியது. அதாவது நாலு நல்ல பேட்ச். வருடத்துக்கு நாங்கள் எடுப்பதே ஐந்து, அதிலும் ஒன்று வெயிலில் போயிருந்தது.

அன்றைக்கு முடிவு எதுவும் வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து "ஒரு பேட்ச் எடுத்தா முடிஞ்சுது" என்ற பேச்சும் வரவில்லை.

ரசீதுகளைப் பரப்பியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அச்சடித்த ரசீது ஒரு தொகைக்கு இருந்தது. மீதித் தொகை துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-ல் சட்டம் போட்டு, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு கட்டண நிர்ணயக் குழு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு வாரியாக இவ்வளவுதான் வாங்கலாம் என்று மூன்று வருடத்துக்கு ஆணை போடுவார்கள். அதற்கு மேல் வாங்கக் கூடாது, வாங்கினால் திருப்பித் தரவேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் அந்த ஆணையை எடுத்துப் பார்த்தோம். நாங்கள் கட்டிக்கொண்டிருந்ததைவிட நன்றாகவே குறைவு. எனக்குப் புகார் எழுதிப் போடத்தான் கை துறுதுறுத்தது. "அங்கயே படிக்கிற பிள்ளைய வெச்சுக்கிட்டுப் புகார் குடுத்தா அதுக்குத்தான் சங்கடம்" என்றார் அவர். அதுவும் நிஜம்தான். பாதிப் பெற்றோர் வாய் மூடியிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாங்களும் விட்டுவிட்டோம்.

பேச்சு திரும்பியது ஆறாம் வகுப்பு என்ற விஷயத்தில். என்னிடம் பிளவுஸ் தைக்க வருகிற ஒரு டீச்சர் அக்காதான் எடுத்துச் சொன்னார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டமும் இப்படித்தான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறு, ஏழு என்று தனியாரில் காசு கட்டிப் படிக்கவைத்துவிட்டு, கையில் காசு தீர்ந்து ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தால் இந்த எதுவும் கிடைக்காது. எங்கள் ஊரில் அப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

இதைக் கேட்டபிறகுதான் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். அதுவரை "தனியாரா அரசா" என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் எந்த வகுப்பு வரை எங்கே என்று பேச முடிந்தது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து தர்மபுரி டவுனில் அரசுப் பெண்கள் பள்ளி, ஆனால் ஆங்கில வழிப் பிரிவு. மகன் அடிப்படை ஆங்கிலத்துக்காக ஐந்தாவது வரை பக்கத்தில் ஒரு சின்ன நர்சரி பள்ளி. அவனுக்கு இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் இடம் கேட்டுப் பார்ப்பது என்றும் பேசிக்கொண்டோம்.

அந்த விண்ணப்பம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளியில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம், கட்டணத்தை அரசு கட்டும். அந்த வருடம் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை ஆன்லைனில் திறந்திருந்தார்கள். வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால்தான் என்று பலர் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு கிடையாது. அதோடு பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ வேண்டும். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கிற பள்ளியாக இருக்க வேண்டும். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கவில்லை, அதற்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, வி.ஏ.ஓ. கையிலிருந்து தாசில்தார் வரை போய் வருவதற்குள் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்றால் பள்ளியிலேயே பெற்றோர் முன்னால் குலுக்கல். எங்கள் சீட்டு வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தோம், அது நகரவே இல்லை. கடைசியில் காசு கட்டித்தான் சேர்த்தோம். நடந்து போகிற தூரம், வேன் வேண்டாம், 17,000-த்தில் முடிந்தது. அந்த வகையில் இது அவர் ஜெயித்த பாதி.

(2025-ல் மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நிதிப் பிரச்சினை வந்து, வழக்கமான நேரத்தில் இந்த விண்ணப்பமே திறக்கவில்லை. அக்டோபரில்தான் அறிவிப்பு வந்தது. அதனால் இதை மட்டும் நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.)

மகளை மாற்றுவதில் பள்ளிதான் இழுத்தடித்தது. மூன்றாம் டேர்மில் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். வெயில் தின்ற பேட்சுக்கு அப்புறம் கையில் எதுவும் இல்லை. ஜூன் 10 பள்ளி திறக்கிற தேதி. வேறு வழியில்லாமல் டி.சி. இல்லாமலேயே அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை ஆதாரையும் ஐந்தாம் வகுப்பு மார்க் கார்டையும் பார்த்துவிட்டு, "டி.சி. பின்னால வரட்டும்மா, பிள்ளைய நாளைக்கே அனுப்புங்க" என்றார். அதே இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, டி.சி. தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. இது தெரியாமல் எத்தனையோ பேர் அடகு வைத்துப் பாக்கியைக் கட்டுகிறார்கள்.

ஆனால் எமிஸ் என்று ஒன்று இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் எண் கொடுத்து அரசு கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற பதிவு. பிள்ளையின் எண்ணைப் பழைய பள்ளி 'காமன் பூல்' என்கிற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி தன் கணக்கில் எடுக்க முடியும். அதுவரை மகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் பழைய பள்ளியில்தான் இருந்தாள். அடுத்த பேட்ச் கூடு ஏலம் போனதும் பாக்கியைக் கட்டி டி.சி. வாங்கினோம், எண்ணும் அன்றைக்கே விடுபட்டது. அடுத்த மாதம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி. என்பது பாக்கி வசூலிக்கிற கருவி அல்ல, அதில் கட்டணப் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பேப்பரில் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "ஒரு மாசம் முந்திச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அரசுப் பள்ளியில் எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கழிப்பறை மோசம். முதல் பருவத்தில் அறிவியலுக்கு ஆசிரியர் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் அதிகம். கணக்கு டீச்சர் மட்டும் அபாரம், மகள் இப்போது வீட்டில் கணக்குப் போட என்னைக் கூப்பிடுவதே இல்லை. புத்தகம், நோட்டு, சீருடை, பை அரசு தருகிறது. மதியச் சாப்பாடு அங்கேயே. டவுன் பஸ்ஸில் நானும் காசில்லாமல் போகலாம், அவளும் போகலாம். மகளுக்கென்று வருடத்தில் எங்களுக்கு ஆவது ஷூ, சில்லறைச் செலவு, டியூஷன் எல்லாம் சேர்த்து 10,000-க்குள். 2024 தீபாவளிக்கு முன்னால் மீட்ட சங்கிலி அடுத்த ஜூனில் வீட்டிலேயே இருந்தது.

மாமியார் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. பெரிய மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் ஒரு வாரம் அதே பேச்சு. அவர் பேசட்டும் என்று என் வீட்டுக்காரரே சொல்கிறார், அது எனக்குப் பெரிய விஷயம்.

தர்மபுரியில் பெண்களுக்கு அவ்வையார் பேரில் ஒரு அரசுப் பள்ளியும், ஆண்களுக்கு அதியமான் பேரில் ஒன்றும் இருக்கின்றன. மகன் 2031 ஜூனில் ஆறாம் வகுப்பு. அதியமான் பள்ளியில் சேர்ப்பது என்று நான் சொன்னேன். "அப்பப் பார்த்துக்கலாம், இப்பவே என்ன" என்றார். அந்தக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வருடத்தையும் பள்ளியையும் எழுதி, அன்றைக்கே அவர் கையெழுத்தையும் வாங்கி வைத்துவிட்டேன்.