சுவர் கூரையைத் தொடாத லயத்தில் ஒரு குறும்படம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான பழைய லயங்கள் பலவற்றில், காம்பராக்களுக்கு (அறைகளுக்கு) நடுவிலுள்ள சுவர் கூரைத் தகரம் வரை போகாது, பாதியிலேயே நின்றுவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் நீங்கள் பேசும் வசனம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். அங்கே ஓடும் டிவி நாடகம் உங்கள் ஒலிவாங்கியில் விழும். சாதாரணக் குறும்படக்காரருக்கு இது ஒலிப்பதிவுப் பிரச்சினை மட்டும்தான். தன்னைத் திருநர் என்றோ, ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவர் என்றோ லயத்துக்கு இன்னும் சொல்லாத ஒருவர் படம் எடுக்கும்போது ஒத்திகையே ஊருக்கு அறிவிப்பாகிவிடும்.

ஆகவே எழுத்துப் பிரதியை முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். லயத்துக்குள் எடுப்பதில் பேச்சே வேண்டாம். கை, அடுப்பு, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) காயும் துணி, கொழுந்துக்குப் புறப்படும் அவசரம் போதும். பேச வேண்டிய வசனத்தை அட்டனிலோ பண்டாரவளையிலோ நம்பிக்கையான ஒரு வீட்டு அறையில் தனியாகப் பதியுங்கள். சுவரோரம் மூன்று நான்கு கம்பளி தொங்கவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கி. அளவு 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். காம்பராவின் வெறும் ஓசையையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து வாருங்கள். அது இல்லாவிட்டால், வெளியே பதிந்த குரல் காட்சியோடு ஒட்டாமல் மிதக்கும்.

தகரத்தில் மழை விழுந்தால் எந்த ஒலிவாங்கியும் உதவாது. அந்த மழையை மூன்று நிமிடம் பதிந்துகொண்டு, வசனமில்லாத காட்சிகளுக்குப் போய்விடுங்கள்.

மாதத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் கொட்டும்போது பதுளை, அப்புத்தளைப் பக்கம் காய்ந்திருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பெரும்பாலும் பகல் தாண்டி மழை இறங்கும். முக்கியமான காட்சியைக் காலை பதினொன்றுக்குள் முடியுங்கள். அந்தி நேர வெளிச்சத்தை நம்பவே வேண்டாம். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் இறங்கி இருபது நிமிடத்தில் இருட்டிவிடும்.

போனே போதும். 25 பிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 போன்ற பொருந்தாத எண்ணில் வைத்தால் டியூப் லைட்டின் கீழ் படம் துடிக்கலாம். மலிவான எல்ஈடி எப்படியும் துடிக்கலாம், முதலில் சோதியுங்கள். வெள்ளைச் சமநிலையை 5600 கெல்வினில் பூட்டுங்கள். தானாக விட்டால் மூடுபனி நகர நகர முகத்தின் நிறம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஓடும். வெயிலில் ஷட்டரை 1/50இல் வைத்திருக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவை. குளிரில் இருந்த கமராவை அடுப்பு எரியும் குசினிக்குள் அப்படியே கொண்டுபோனால் கண்ணாடியில் ஆவி படியும். ஜிப் பையில் மூடியபடி அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு எடுங்கள்.

முகத்தை மறைத்தால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் தோட்டத்தில் வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது. கதவின் நிறம், பின்னால் தெரியும் கோயில், நடை, இருமல் என எதை வைத்தும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். குரலின் சுருதியை மட்டும் மாற்றுவதும் பாதுகாப்பல்ல, மென்பொருளில் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். வேறொருவரைப் பேச வையுங்கள். தன் குரலைத் திரையில் கேட்க விரும்பாத திருநருக்கும் இதுவே நல்ல வழி.

சம்மதத்தை ஒரே கையெழுத்தில் வாங்காதீர்கள். முகம், குரல், வீடு, போஸ்டர், இணையம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். எந்த நாள் வரை விலகலாம் என்பதையும் எழுதுங்கள். விலகியவரின் காட்சியை மெமரி கார்ட், ஹார்ட் டிஸ்க், எடிட்டரின் மடிக்கணினி, வட்ஸ்அப் குழு எல்லாவற்றிலிருந்தும் அழிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அடையாள அட்டைப் பெயர் ஒப்பந்தத்தில் மட்டும் இருக்கட்டும். அன்றாட வேலைத் தாளிலும் படத்தின் முடிவிலும் அவர் சொல்லும் பெயர்தான். கொழுந்து பறிப்பவரை அரை நாள் நிறுத்தி வைத்தால் அவருக்கு அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும், அந்தக் கூலியைச் செலவுக் கணக்கில் முதலிலேயே போடுங்கள்.

லயமும் தோட்டப் பாதையும் நிர்வாகத்தின் கையில், எனவே தொரையிடம் (தோட்ட மேலாளரிடம்) எழுத்தில் அனுமதி வேண்டும். கடிதத்தில் பொய் வேண்டாம்; "தோட்டக் குடும்பம் பற்றிய குறும்படம்" என்பது உண்மையும்கூட. சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் நாடாளுமன்றம் கலையும் வரை அது சட்டமாகவில்லை. ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவைப் பொலிஸார் திருநர்கள் மீது காட்டியிருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் 2016 சுற்றறிக்கையின்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றவர் அதன் பிரதியைப் பையில் வைத்திருக்கட்டும். இரண்டிலும் அடங்காதவருக்கு அந்தச் சான்றிதழில் இடமில்லை, அவர்களை இரவில் தனியாகப் பயணம் செய்ய விடாதீர்கள்.

கண்ணாடி முன் உதட்டுச் சாயம் பூசும் காட்சி போதும், எல்லோரும் எடுத்துவிட்டார்கள். கடைசியில் சாகடிப்பதும் போதும். மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுவது ஆண்தானே என்று அதை எடுக்க ஆசை வரும். அது மாசியில் நேர்த்தியோடு நடக்கும் வழிபாடு; வேடம் கட்டியவர் திருநராக இருக்க வேண்டியதில்லை. ஊர் சம்மதித்தால் எடுங்கள், ஆனால் பாரம்பரியம் நம்மை ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சாட்சியாக அதை நிறுத்தாதீர்கள்.

விழாக்களுக்கு அனுப்பும் முன் யூடியூபில் ஏற்றினால் முதல் திரையிடல் கேட்கும் இடங்கள் தள்ளிவிடும். கடவுச்சொல் போட்ட இணைப்பு போதும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனி எஸ்ஆர்டி (வசன வரி) கோப்பு வையுங்கள். பால்புதுமையினர் திரைப்பட விழாக்களில் சென்னையின் ரீல் டிசயர்ஸ், மும்பையின் கஷிஷ் இரண்டும் நமக்குப் பக்கம். ஆனால் இந்தியாவில்தானே காட்டுகிறோம் என்று அசட்டையாக இருக்க வேண்டாம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் போன நம் சனங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள், அவர்களின் வட்ஸ்அப் இங்குள்ள லயத்துக்குத்தான் வருகிறது. சம்மதப் படிவத்தில் இந்தியாவுக்கும் தனிக் கட்டம் போடுங்கள். விழாச் சுற்று முடிந்து யூடியூபில் ஏற்றும் நாளில் ஒவ்வொருவரிடமும் மறுபடி கேளுங்கள்.