அப்பா கொடுக்கும் ரிப்போர்ட்

தினமும் காலை நாலரை மணிக்கு அப்பா முருகன் படத்துக்கு முன்னால் வந்து நிற்பார். உடனே கைகூப்ப மாட்டார், முதலில் அட்டென்ஷன். குதிகால்கள் ஒட்டி, கைகள் பக்கவாட்டில் இறுகி, முகவாய் நிமிர்ந்து நின்று, வீட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்வார். "வீட்டுக்காரி உள்ளே தூங்குகிறாள், நேற்று முட்டி வலி. பெரியவன் வெளியூரில், ராத்திரி பேசினான். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அவளை இரண்டு பேராகக் கணக்கு வைத்துக்கொள்." எல்லோரையும் சொல்லி முடித்த பிறகுதான் கைகள் சேரும். அது வேண்டும் இது வேண்டும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நீலகிரி வெல்லிங்டனில் பயிற்சி முடித்துக் கிளம்பியவர், அதற்கப்புறம் எங்களுக்கு வருடத்துக்கு 60 நாள் அப்பாதான். மீதி நாளெல்லாம் நீல நிற இன்லேண்டு கடிதம். 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும்தான் முகவரியாக இருக்கும், ஊர் பெயர் இருக்காது. அம்மா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைப்பார், ஏன் அங்கே என்று இன்று வரை நான் கேட்டதில்லை.

ரிப்போர்ட் கொடுக்கும் பழக்கம் சியாச்சினில் வந்தது. 1984 ஏப்ரலில் நம் ராணுவம் அந்தப் பனிமலையில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. தொண்ணூறுகளில் அப்பாவின் முறை வந்தது. அங்கே பேஸ் கேம்ப்பில் ஓ.பி. பாபா கோயில் என்று ஒன்று உண்டு. எண்பதுகளில் ஓம் பிரகாஷ் என்ற சிப்பாய் தனி ஆளாக ஒரு சாவடியைக் காத்து நின்று மறைந்தார் என்றும், பனிப்புயலோ பனிப்பிளவோ வருமுன் அவரே வந்து எச்சரிப்பார் என்றும் ஜவான்களுக்கு நம்பிக்கை. மேலே ஏறும் ஒவ்வொரு அணியும் அவர் முன்னால் நின்று முறைப்படி ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பும். இறங்கி வந்ததும் மறுபடி ரிப்போர்ட். போன தலைகளும் திரும்பிய தலைகளும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் வேண்டுதல் எல்லாம். வீட்டுக்கு வந்த பிறகு அதை அப்பா முருகனிடம் தொடர்ந்தார். "அவரும் தேவசேனாபதிதானே, படைக்காரருக்கு ரிப்போர்ட் கொடுத்தால் புரியும்" என்பார், முழு நம்பிக்கையோடு.

சியாச்சினுக்குப் போன அந்த வருடம் லீவில் வந்தபோது ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு எங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது மாதிரி படுத்திருப்பேன். பத்து விரலும் முடிந்ததும் போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்வார். மேலே சாவடியில் பனி விரலைத் தின்றுவிடாமல் இருக்க ஒருவர் காலை ஒருவர் இப்படித்தான் சோதிப்பார்கள் என்று ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. அவருடைய இடது சுண்டுவிரலில் இப்போதும் உணர்ச்சி கிடையாது.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சோனம் சாவடியில் பனிச்சரிவு. 19,600 அடி உயரம். புதைந்த பத்துப் பேரும் அப்பாவின் ரெஜிமெண்டைச் சேர்ந்த 19-வது மெட்ராஸ் பட்டாலியனோடு இருந்தவர்கள். அப்பா அந்த வாரம் முழுக்க டிவி முன்னால் சரியாக உட்காரவே இல்லை, நின்றுகொண்டேதான் இருந்தார். காலை ரிப்போர்ட்டில் எங்களுக்குப் பின்னால் "இன்னும் பத்துப் பேர், பனிக்கு அடியில்" என்று சேர்த்துச் சொன்னார். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார் என்ற செய்தி வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். 11-ஆம் தேதி ஹனுமந்தப்பாவும் போய்விட்டார். மறுநாள் காலை நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பத்துப் பேரையும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. "பத்துப் பேர் உன்னிடம் வந்துவிட்டார்கள், பார்த்துக்கொள்" என்றார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நானும் ரொம்ப வருடம் இதை அப்பாவின் தனிப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். போன மாதம் ஊருக்குக் கிளம்பும்போது பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டினேன். அப்பா நாற்காலியில் இருந்தபடியே "சொல்லிட்டியா?" என்று கேட்டார். அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது என்றேன். அவர் உள்ளே கையைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்று, பெயர், போகிற ஊர், திரும்பும் தேதி மூன்றையும் சொன்னேன். பின்னாலிருந்து அப்பா, "குதிகாலை ஒட்டி நில்லுப்பா" என்றார். ஒட்டி நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.