ஆக்சியோவின் சேசிஸ் எண்ணைத் தேடியபோது

எங்கள் டொயோட்டா கரோலா ஆக்சியோ காரின் இடப்பக்க ஹெட்லைட் மஞ்சள் பூத்துவிட்டது, இனி பாலிஷ் போட்டும் தெளியாது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் விலை கேட்டேன். "கரோலான்னு மட்டும் சொன்னா பத்தாது தம்பி, சேசிஸ் நம்பர் அனுப்பு" என்றார். வண்டியின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்ணைத்தான் கேட்கிறார். நியாயம்தான். அந்தக் காலத்துக் கரோலா இங்கே இரண்டு உடம்போடு ஓடுகிறது. ஆல்டிஸ் என்ற வகையின் அகலம் 1,760 மி.மீ., ஜப்பானிலிருந்து தனியார் இறக்குமதியாக வந்த ஆக்சியோவுக்கு 1,695. ஒன்றின் விளக்கு மற்றதில் உட்காராது.

எங்களுடையது 2010 ஆக்சியோ, சிஓஇ (கார் வைத்திருக்க அரசு தரும், காலவரம்புள்ள உரிமைச் சான்று) புதுப்பித்து ஓடுகிறது. சிங்பாஸ் என்ற அரசு மின்-அடையாளம் வழியாக, வாகனச் சேவைகளுக்கான ஒன்மோட்டரிங் தளத்தில் நுழைந்து லாக் கார்டை (வண்டியின் பதிவு விவர அட்டை) திறந்தால் சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் கிடைக்கும். எடுத்து அனுப்பிவிட்டேன். ஆனாலும் வண்டியிலேயே பார்க்க ஆசை. பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகவேண்டும். பதிவில் உள்ள எண் தகட்டிலும் தெளிவாக இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நிம்மதி.

புளோக்கின் பலமாடி கார்ப்பேட்டையில் பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். இன்ஜினுக்குப் பின்னால் நிற்கும் தடுப்புத் தகட்டின் நடுவில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் ஏதோ பள்ளம் தெரிந்தது. துணியில் கொஞ்சம் டபிள்யூடி-40 அடித்துத் துடைக்கத் துடைக்க ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது: என்இசட்இ141, ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். எழுத்து தேய்ந்தால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். நான் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன், இந்தியாவில் ஆர்டிஓ வேலைக்கு சேசிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதே முறை. அச்சு அழகாக விழுந்தது.

உலகமெங்கும் சொல்லப்படும் 17 எழுத்து வாகன அடையாள எண் (விஐஎன்) இதில் கிடையாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களுக்கு இப்படிக் குட்டையான எண்தான். என்இசட் என்பது இன்ஜின் குடும்பம் (எங்களுடையது 1என்இசட்-எஃப்இ), இ என்றால் கரோலா வரிசை, 141 அந்தத் தலைமுறையின் குறி. 17 எழுத்து எண் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான்.

எனக்கு அதைவிடப் பெரிய லாபம் பக்கத்திலிருந்த சிறு உலோகப் பட்டை. 'கலர்' என்ற இடத்தில் 1எஃப்7, அதாவது டொயோட்டாவின் வெள்ளி நிறம். பம்பர் கீறலுக்கு டச்-அப் பெயின்ட் வாங்க இனி கண்ணளவு வேண்டாம்.

கையோடு டொயோட்டாவின் ஜப்பானியத் தளத்தில், நடுவில் வரும் கோடு உட்பட எண்ணைப் போட்டு, ரீகால் (குறையுள்ள கார்களை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) உண்டா என்று பார்த்தேன். நிலுவை எதுவும் இல்லை. பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்கை விரியவைக்க இருந்த அம்மோனியம் நைட்ரேட் கெட்டுப்போவது வெயிலிலும் ஈரப்பதத்திலும்தான்; கெட்டால் ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறும். சிங்கப்பூரில் இரண்டுக்கும் குறைவில்லை.

ஹெட்லைட்டுக்குச் சொல்லியாயிற்று. வந்ததும் மாட்டிவிட்டு எழுதுகிறேன்.