தாத்தா வீட்டு வரைபடமும் அதன் மூலையில் ஒரு கட்டமும்

வாலாஜாப்பேட்டையில் இருக்கும் தாத்தா வீட்டை அளந்து கம்ப்யூட்டரில் வரைய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. தாளின் வலது கீழ்மூலையில் வரும் டைட்டில் பிளாக்கை, அதாவது படத்தின் பெயர், வரைந்தவர், தேதி எல்லாம் எழுதும் கட்டத்தைச் சரிசெய்ய ஐந்து ஆனது. சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஐந்து வாரத்தில் எங்கெங்கே மாட்டிக்கொண்டேன் என்று எழுதி வைக்கிறேன், இதே வழியில் வருகிற யாருக்காவது ஒரு ஞாயிறாவது மிச்சமாகும்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். வேலை பார்ப்பது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவில். குடியிருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். படித்த படிப்பு கையை விட்டுப் போய் இருபது வருடம் ஆகிறது. தாத்தா வீட்டில் இப்போது பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும்தான். மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல்லைச் செங்குத்தாகக் கோணலாக அடுக்கி சுண்ணாம்பில் பூசிய பழைய தளம். கூடத்துக்கு மேலே இரண்டு கட்டையைச் செல் அரித்துவிட்டது. என்றைக்காவது இடிப்பார்கள். அதற்குள் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையல்கட்டு எல்லாம் எங்கெங்கே இருந்தது என்று காகிதத்தில் ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சாஃப்ட்வேர் ஃப்ரீகேட். இலவசம் என்பது முதல் காரணம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் கட்டடம் வரைவதற்கான பிம் பகுதியை உள்ளேயே சேர்த்துவிட்டார்கள் என்பது இரண்டாவது. சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் அதில் எழுப்பியாகிவிட்டது. தாளில் இறக்குவதற்கு டெக்டிரா என்று தனிப் பகுதி. வரைந்த கதையை விட்டுவிடுகிறேன். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

தாள் அளவில்தான் முதல் யோசனை. வீடு 19 அடி அகலம், திண்ணையிலிருந்து பின்கதவு வரை 78 அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி. 78 அடி என்றால் 23.77 மீட்டர். 1:50 அளவில் அது தாளில் 475 மில்லிமீட்டர். ஏ3 தாளின் நீளமே 420தான், உதவாது. 1:100 வைத்தால் ஏ3-யில் அடங்கும், ஆனால் முற்றத்துத் தூண் எல்லாம் பொட்டு மாதிரி ஆகிவிடும். அதனால் ஏ2 தாள், 594-க்கு 420. கீழே பிளான், மேலே நீளவாக்கில் வெட்டிய தோற்றம். சரி.

இனி கட்டம். பாலிடெக்னிக்கில் நாங்கள் பென்சிலில் போட்டது 185-க்கு 65 மில்லிமீட்டர். கை இன்னும் மறக்கவில்லை. இந்தக் கட்டத்துக்கென்றே இருக்கும் சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 7200, அது அகலத்தை 180 என்கிறது. ஏன் 180 என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு சின்ன சந்தோஷம். ஏ4 தாளின் அகலம் 210. ஃபைலில் கோர்க்க இடப்பக்கம் 20 விட்டு, வலப்பக்கம் 10 விட்டால் மிச்சம் சரியாக 180. எந்தத் தாளாக இருந்தாலும் ஒரே கட்டம் போதும். பெரிய தாளை ஏ4 அளவுக்கு மடித்தாலும் கட்டம் முகப்பில் வந்து நிற்கும். நான் 180-க்கே மாறிக்கொண்டேன்.

ஃப்ரீகேட்டில் தாளின் வார்ப்பு, அதாவது டெம்ப்ளேட், என்பது ஒரு எஸ்விஜி படஃபைல், அவ்வளவுதான். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் திறந்து கோடு போடலாம், எழுத்து வைக்கலாம். பின்னால் நிரப்ப வேண்டிய இடங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம் உண்டு. அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்எம்எல் எடிட்டரில் 'ஃப்ரீகேட்:எடிட்டபிள்' என்ற பண்பைச் சேர்த்து, அதற்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அப்புறம் டெக்டிராவில் அந்தத் தாளைத் திறந்தால் அந்த எழுத்தின் பக்கத்தில் குட்டியாக ஒரு பச்சைச் சதுரம் தெரியும். அதைத் தட்டினால் நிரப்பலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் வெறும் தாளில் தொடங்க வேண்டாம். ஃப்ரீகேட்டோடு வரும் வார்ப்பு ஒன்றை வேறு பெயரில் சேமித்து அதன் மேல் கை வையுங்கள். அந்தப் பண்பைப் புரிந்துகொள்ளத் தேவையான தலைப்பு வரி அதில் ஏற்கெனவே இருக்கும்.

இரண்டாவது வாரம் முழுக்க ஒரு கோளாறில் போனது. கட்டத்தை அழகாகப் போட்டு முடித்தேன். ஓரக்கோட்டிலிருந்து சற்று விலகி இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக் குழுவாக்கி, மூலைக்கு இழுத்து ஒட்ட வைத்தேன். இங்க்ஸ்கேப்பில் பார்க்க மணி மணியாக இருந்தது. டெக்டிராவில் திறந்தால் எழுத்துகள் மூலையில் சரியாக உட்கார்ந்திருக்கின்றன, பச்சைச் சதுரங்கள் மட்டும் மூன்று விரற்கடை தள்ளி வெறும் தாளில் மிதக்கின்றன. தட்டினால் வேலை செய்கிறது. ஆனால் எந்தச் சதுரம் எந்த எழுத்துக்கு என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ராத்திரி பத்து மணிக்கு அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. நான் குழுவை இழுத்தபோது இங்க்ஸ்கேப் ஒவ்வொரு எழுத்தின் இருப்பிட எண்ணையும் மாற்றவில்லை. 'இந்தக் குழு மொத்தமும் இவ்வளவு தள்ளி' என்று மேலே ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்ம் வரி எழுதி வைத்துவிட்டது. படம் காட்டும்போது அந்த வரி கணக்கில் வருகிறது. பச்சைச் சதுரமோ எழுத்தின் சொந்த எண்ணை மட்டும் பார்த்துப் பழைய இடத்திலேயே நிற்கிறது. வீடு மாறியவனுக்குப் பழைய முகவரியிலேயே தபால் போகிற கதை. குழுவைக் கலைத்து, ஒவ்வொரு எழுத்தையும் அம்புக்குறி விசையால் ஒரு தட்டு அந்தப் பக்கம், ஒரு தட்டு இந்தப் பக்கம் அசைத்தேன். எண்கள் திருந்திவிட்டன. சதுரங்கள் வீடு வந்து சேர்ந்தன.

இன்னொன்று சின்னது. ஒரு வரியைப் பிரதி எடுத்துக் கீழே ஒட்டியிருந்தேன். 'படத்தின் பெயர்' என்ற இடத்தில் 'தரைத்தளம்' என்று நிரப்பினால் 'தாள் எண்' இடத்திலும் 'தரைத்தளம்' வந்து நின்றது. பிரதி எடுக்கும்போது பண்பின் பெயரும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஒரே பெயர், அதனால் ஒரே மதிப்பு. அடுத்த நாள் இதையே வேண்டுமென்றே செய்தேன். வீட்டின் பெயர் கட்டத்துக்குள்ளும் வேண்டும், தாளின் மேல் ஓரத்திலும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒரு முறை நிரப்பினால் போதும்.

மூன்றாம் வாரம் தமிழ். கட்டத்தில் ஒரு எழுத்துகூட ஆங்கிலம் வேண்டாம் என்பது என் பிடிவாதம். வார்ப்போடு வரும் ஓசிஃபாண்ட் எழுத்துருவில் தமிழ் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் வாயைத் திறக்காமல் தன்னிடம் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. என் மடிக்கணினியில் அது நோட்டோ சான்ஸ் தமிழ். தம்பியின் விண்டோஸில் திறந்தால் நிர்மலா. அகலம் வேறு, 'வரைந்தவர்' என்ற சொல்லின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. மாறவே போகாத தலைப்புச் சொற்களை இங்க்ஸ்கேப்பிலேயே வடிவமாக மாற்றிவிட்டேன், இனி எழுத்துரு தேவையில்லை. நிரப்புகிற இடங்களுக்கு நோட்டோ என்று வெளிப்படையாக எழுதி வைத்தேன். எழுத்தின் உயரம் முதலில் 2.5 மில்லிமீட்டர். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் அச்செடுத்தபோது 'ணி'யின் கொக்கியும் 'ளூ'வின் சுழியும் மை அப்பிப் போயின. 3.5 வைத்த பிறகுதான் கண்ணாடி போடாமல் பெரியப்பாவால் படிக்க முடிந்தது.

முகவரிதான் என்னைப் படுத்தியது. இந்த எழுத்துகள் தானாக அடுத்த வரிக்கு மடங்காது. நீளமாக அடித்தால் கோட்டைத் தாண்டி நேராக ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் முகவரி 1, முகவரி 2, முகவரி 3 என்று மூன்று தனி இடம் வைத்தேன். மூன்றாவதில் என்ன மாவட்டம் எழுதுவது? தாத்தாவின் பத்திரத்தில் 'வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா'. 1989-ல் திருவண்ணாமலையைப் பிரித்தபோது இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. அப்பா கட்டிய வரி ரசீதில் அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் வேலூர் மாவட்டம், என் பள்ளிச் சான்றிதழ் அது. 2019 நவம்பர் முதல் ராணிப்பேட்டை மாவட்டம். வீடு ஒரு அடிகூட நகரவில்லை. இப்போதைய பெயரை முகவரியில் போட்டுவிட்டு, 'பத்திரத்தில் உள்ளபடி' என்று இன்னொரு வரி சேர்த்தேன். நாளைக்கு யாராவது பத்திரத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழம்பக் கூடாது.

நான்காவது வாரம் அச்செடுத்துக்கொண்டு போய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். படத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராக மூலைக் கட்டத்துக்குப் போனார்.

"இன்னாடா, உரிமையாளர்னு உங்கப்பன் பேரு மட்டும் கீது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரநிலையில் கட்டாயம் என்று சொன்ன எட்டு விவரங்களில் முதலாவது 'சட்டப்படி உரிமையாளர்'. பட்டா இன்னும் தாத்தா பெயரில், பாகப்பிரிவினையே ஆகவில்லை. யோசிக்காமல் அப்பா பெயரை நிரப்பி வைத்திருக்கிறேன். பெரியம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். "இல்ல பெரியப்பா, தெரியாம போட்டுட்டேன்" என்றதற்கு, "தெரியாம போடற எடமாடா அது?" என்றார். அதற்கு மேல் அன்றைக்குப் பேச்சு இல்லை.

வீட்டுக்கு வந்து திரும்பப் படித்தேன். அந்த இடம் கட்டடத்தின் உரிமையாளரைக் கேட்கவே இல்லை. வரைபடம் யாருடையது, எந்த நிறுவனத்தின் ஆவணம் என்பதைத்தான் கேட்கிறது. இயந்திர பாகம் வரைகிற கம்பெனிக்கு அதில் குழப்பம் வராது. பிரிக்காத சொத்தில் வந்தால் வம்புதான். அந்தத் தலைப்பைத் தூக்கிவிட்டு 'வரைபடம்: குடும்பப் பொது ஆவணம்' என்று மாற்றினேன். கீழே 'வீடு' என்று தாத்தா பெயர் மட்டும். 'ஒப்புதல்' என்ற இடத்தில் பெரியப்பா பெயர். இது காக்கா பிடிப்பது இல்லை, அளவுகளைச் சரிபார்த்துச் சொன்னவர் உண்மையிலேயே அவர்தான். தரநிலையில் இல்லாத ஒன்றும் சேர்த்தேன்: 'டேப் பிடித்தவர்'. அத்தை மகன் மூன்று ஞாயிறு வெயிலில் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். 'வரைந்தவர்' பக்கத்தில் அவன் பெயர் இல்லாவிட்டால் அது நியாயம் இல்லை. வரைந்த தேதியோடு அளந்த தேதியும் வைத்தேன். பழைய வீட்டுச் சுவர் மழைக்கு மழை கொஞ்சம் சாய்கிறது, எந்த நாள் அளவு என்பதுதான் முக்கியம்.

இங்கே ஒரு விஷயம்: கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்விஜியைத் திருத்திச் சேமித்தால் மட்டும் தாளில் எதுவும் மாறாது. ஃப்ரீகேட் வார்ப்பின் ஒரு பிரதியைத் தன் ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. தாளின் டெம்ப்ளேட் பண்பில் போய் ஃபைலை மறுபடி காட்ட வேண்டும். இது தெரியாமல் நான் அரை மணி நேரம் ஒரே திருத்தத்தைத் திரும்பத் திரும்பச் சேமித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் அச்சு. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெரிய தாள் எடுக்கிற ஜெராக்ஸ் கடை ஒன்றுக்குப் பென்டிரைவோடு போனேன். கட்டத்துக்கு மேலே ஐந்து மீட்டருக்கு ஒரு அளவுப் பட்டை வரைந்திருந்தேன். 1:50-ல் அது தாளில் சரியாக 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 97. பையன் 'ஃபிட்' போட்டு எடுத்திருக்கிறான். கட்டத்தில் 1:50 என்று எழுதியது எழுதியபடி இருக்கிறது, அதற்கு எதுவும் தெரியாது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. 'ஆக்சுவல் சைஸ்' போடச் சொல்லி இன்னொரு பிரதி எடுத்தேன். சுருங்கியதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள்.

போன ஞாயிறு அதை மடித்துக் கொண்டுபோனேன். கட்டம் முகப்பில் வந்தது. பெரியப்பா படித்தார், திருத்தப் பட்டியலில் 'அ: உரிமையாளர் பகுதி மாற்றப்பட்டது' என்ற வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். தாளை விரித்தார். பின்கதவோடு படம் முடிகிற இடத்தில் விரல் நின்றது.

"கெணறு எங்கடா?"

தோட்டத்தில் தூர்ந்துபோன கிணறு ஒன்று இருக்கிறது. மேலே பலகை போட்டுத் துவைக்கிற கல்லை வைத்திருக்கிறார்கள். பின்கதவிலிருந்து அதன் அந்தக் கரை வரை 15 அடி. அப்போதே டேப் பிடித்து அளந்தோம். மொத்தம் 93 அடி, 1:50-ல் 567 மில்லிமீட்டர். ஏ2 தாளில் ஓரம் போக எனக்கு இருக்கும் நீளம் 564.

மூன்று மில்லிமீட்டர் போதவில்லை. இனி ஏ1 தாள்தான். கட்டம் அதே 180, அதில் மாற்றம் இல்லை. புது மூலைக்கு வலப்பக்கம் 247, கீழே 174 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். இந்த முறை குழுவாக்காமல்.