இனிஷியல், கரன்ட் அக்கவுன்ட், வராத பணம்: நிருபர் வேலைக்குப் பிறகு சொந்தத் தொழில்

நாளிதழ் வேலையை விட்டுவிட்டு, மதுரையில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இணையதள வடிவமைப்பும் வீடியோ தயாரிப்பும் செய்துகொண்டிருக்கிறேன். கேமராவும் எடிட்டிங்கும் நிருபராக இருந்தபோதே கைக்கு வந்தவை. இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், இரவுப் பணியான நைட் டெஸ்க் முடிந்து வந்து பழகியது. பேட்டி எடுக்கத் தெரிந்தவருக்கு நிறுவன வீடியோவில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்த மாதிரிதான். ஆகவே தொழில் கற்ற கதை இதில் அதிகம் இருக்காது.

பத்திரிகையிலிருந்து இப்படி வெளியே வர நினைக்கும் நண்பர்கள் எந்த கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆதாரையும் பான் கார்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று பதில் சொல்கிறேன். என்னை அலைக்கழித்தது அதுதான்.

ஆதாரில் என் பெயர் ஒற்றை இனிஷியலோடு இருந்தது. பான் விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் அப்பா பெயர் எனக்குக் கடைசிப் பெயராகிவிட்டது. பி.எஃப். கணக்கில் அலுவலகம் இனிஷியலைப் பின்னால் போட்டு, அப்பா பெயரில் ஓர் எழுத்தையும் மாற்றி ஏற்றியிருந்தது. மாதச் சம்பளம் வந்தவரை இதை யாரும் கேட்கவில்லை. வேலையை விட்ட மறுநாளிலிருந்து எல்லோரும் கேட்டார்கள்.

பி.எஃப். பணத்தில் லென்ஸும் நல்ல மைக்கும் வாங்குவதாகத் திட்டம். உள்ளே போய்ப் பார்த்தால் நான் வெளியேறிய தேதியையே அலுவலகம் ஏற்றவில்லை. கடைசிப் பங்களிப்பு வந்து 2 மாதம் கடந்தால் அந்தத் தேதியை உறுப்பினரே குறித்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அதை நானே செய்துவிட்டேன். பெயர்த் திருத்தம் அப்படி முடியவில்லை. என்னுடைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) பழையது என்பதால் பழைய முதலாளியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஹெச்.ஆர். பிரிவில் இருந்தவர், "மேடம், நீங்க ரிசைன் பண்ணிட்டீங்க. உங்க ஃபைல் இப்ப என்கிட்ட இல்ல" என்றார். யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் சென்னையில் என்றார். சென்னையில் கேட்டால் மதுரைப் பதிப்பில் என்றார்கள். எத்தனையோ அலுவலகங்களில் இதே பதிலைக் கேட்டு நின்ற மக்களைப் பற்றி செய்தி எழுதியிருக்கிறேன். அதே பதில் நான் உழைத்த இடத்திலிருந்தே வந்தபோது நெஞ்சு வலித்தது. கடைசியில் என்னோடு வேலை பார்த்த ஒரு அண்ணன் நேரில் போய் நின்று ஒப்புதல் வாங்கிக் கொடுத்தார்.

ஒரே யோசனைதான். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே ஆதாரைப் பான் கார்டோடு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள். அடுத்து பி.எஃப்., அதற்குப் பிறகு வங்கி. வரிசை மாறினால் திருத்தியதையே திரும்பத் திருத்த வேண்டி வரும். ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் 2 வாய்ப்புதான், அதனால் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவுதான் உத்யம். அது ஒரே உட்காரலில் முடிந்தது. தொழில் வகையைக் குறிக்கும் என்.ஐ.சி. எண் இணையப்பக்க வடிவமைப்புக்கு 62012, வீடியோவுக்கு இன்னோர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. தேடினால் அரசு முத்திரை போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்த பிறகு ஆதார் எண்ணைக் கொடுங்கள்.

அடுத்தது கரன்ட் அக்கவுன்ட், அதாவது தொழிலுக்கான வங்கிக் கணக்கு. நிறுவனங்கள் தொழிலின் பெயரில்தான் பணம் போடுவோம் என்கின்றன. நான் போன கிளையில் கவுன்ட்டரில் இருந்தவர் உத்யம் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜி.எஸ்.டி. சர்டிபிகேட் இல்லாம சிஸ்டம் எடுக்காது மேடம்."

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. தேவையில்லாமல் எடுத்துவிட்டால் பில் போட்டாலும் போடாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். சின்ன வாடிக்கையாளர்களிடம் 18% கூடுதலாகவும் கேட்க வேண்டும். முதல் வேலையே கையில் இல்லாத ஒருவர் ஒரு வங்கிக் கணக்குக்காக இந்தச் சுமையை ஏற்பது நியாயமே இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பலர் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள்.

வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. வழிகாட்டுதலைப் படித்துப் பார்த்தேன். தனிநபர் உரிமைத் தொழிலுக்கு அந்தத் தொழிலின் பெயரில் 2 ஆவணங்கள் கேட்கலாம், உத்யம் சான்றிதழ் அதில் ஒன்றாகச் செல்லும். இரண்டாவது கொடுக்க வழியில்லை என்று வங்கிக்குத் திருப்தியானால், நேரில் வந்து இடத்தைச் சரிபார்த்துவிட்டு ஒன்றையே ஏற்கும் விருப்புரிமையும் உண்டு. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கோடு போட்டு, மேலாளரிடம் எழுத்து மூலமாகவே கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இத நாங்க தினமும் பாக்குறதில்லம்மா, ஆளை அனுப்புறேன்" என்றார். ஒருவர் வந்து மாடி அறையையும் கம்ப்யூட்டரையும் வாசல் பலகையையும் படம் பிடித்துக்கொண்டு போனார். கணக்கு திறந்தது. பெரிய செய்தி முதல் பக்கத்தில் வந்த நாட்களில்கூட அவ்வளவு மகிழ்ந்ததாக நினைவில்லை.

வேலைக்கு வருவோம். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் தளத்தைப் புதுப்பிக்கக் கேட்டார். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, பழைய வடிவமைப்பாளரின் பெயரில் பதிவாகியிருந்தது. வருடா வருடம் பணம் கட்டியது அண்ணாச்சி, பதிவேட்டில் உரிமையாளர் வேறொருவர். மாற்றுவதற்கான குறியீட்டைக் கொடுக்க அவர் கேட்ட தொகையில் புதிதாகத் தளமே கட்டிவிடலாம். புது .இன் முகவரி வாங்கினோம். பைகளிலும் பலகைகளிலும் அச்சாகிக் கிடந்த பழைய முகவரி வீணானது. அதிலிருந்து டொமைனை வாடிக்கையாளரின் மின்னஞ்சலில், அவருடைய கார்டில், அவரையே வாங்க வைக்கிறேன். நாளைக்கு என்னை விட்டு வேறொருவரிடம் போக வேண்டுமென்றாலும் அவர் தடையில்லாமல் போக முடிய வேண்டும்.

தமிழ்த் தளம் செய்பவர்களுக்குச் சில விஷயங்கள். வாடிக்கையாளர் தரும் வேர்ட் ஃபைல் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். இணையத்தில் எங்கும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருப்பது அப்போதுதான் பிடிபடும். வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விடாதீர்கள். அங்கே 200 எழுத்துக்குத்தான் இடம். ஒரு தமிழ்க் குறியீடு அதில் 9 எழுத்தாக விரியும், கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 22 குறியீட்டில் தலைப்பு அறுந்துவிடும். சுருக்கமான ரோமன் முகவரியை நீங்களே தட்டிவிடுங்கள். ஆங்கிலத் தளத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் எழுத்து இடைவெளி கூட்டியிருந்தால் நீக்குங்கள், வரி இடைவெளியைக் கூட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் மூன்றும் இலவசம், மூன்றிலும் தமிழ் அழகாக நிற்கும். வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் தமிழ் டைட்டில் போடும் முன் கிராஃபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் வந்த விளம்பரங்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கூசுகிறது. பிழைதிருத்துநர்கள் நடுவில் வளர்ந்தவர்கள் நாம், அதை விட்டுவிடக் கூடாது.

பணம். இதில்தான் இன்னும் ஆறவில்லை. ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு இணையதளமும் வீடியோவும் செய்தேன். மேலிருந்து மனையைக் காட்ட டிரோன் கேட்டார்கள். 250 கிராமைத் தாண்டும் டிரோனை வணிக வேலைக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும் என்பதால், அது உள்ளவரை வாடகைக்கு அழைத்து, அவருக்கு என் கையிலிருந்து அன்றே கொடுத்தேன். அட்வான்ஸ் சரியாக வந்தது. எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகு, "எம்.டி. சார் ஊர்ல இல்ல", "செக் கையெழுத்துக்குப் போயிருக்கு", "அடுத்த வாரம் கூப்பிடுங்க மேடம்". அவர்களில் ஒருவர், "பேப்பர்ல இருந்தப்ப நீங்க சும்மாதானே போடுவீங்க" என்றே கேட்டார். செய்திக்குக் காசு வாங்காமல் இருந்ததை இப்படியும் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் செய்தி எழுதிய யாரையும் முதல் வருடம் வாடிக்கையாளராக எடுத்துக்கொள்வதில்லை என்று முன்பே வைத்திருந்த முடிவு எவ்வளவு சரி என்று அன்று தெரிந்தது.

உத்யம் பதிவு கைகொடுத்தது இங்கேதான். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுக்கும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. அதற்கு மேல், அந்தக் கெடுவுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம்வரை செலவுக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரியில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் விதி இருக்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு, உத்யம் சான்றிதழை இணைத்து, மார்ச் தொடக்கத்தில் அவர்களுடைய ஆடிட்டருக்கும் நகல் போகும்படி மின்னஞ்சல் அனுப்பினேன். கோபமாக ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. எம்.டி.க்கு அனுப்பிய எதுவும் நகராத இடத்தில், ஆடிட்டருக்குப் போன நகல் நகர்த்தியது. நிதியாண்டு முடியும் முன்பு முழுப் பணமும் வந்தது. வராமல் போயிருந்தால், தாமதமாகும் பணத்துக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் பதிவதற்கான தாள்களையும் எடுத்து வைத்திருந்தேன். வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும், பிறகு எடுத்துப் பழைய பில்லுக்குக் காட்டினால் நிற்பது சந்தேகம்.

இப்போது கொட்டேஷனிலேயே உத்யம் எண், கெடு, எத்தனை முறை திருத்தம் என்பதையெல்லாம் எழுதிவிடுகிறேன். கடைசித் தவணை வந்த பிறகுதான் வாட்டர்மார்க் இல்லாத வீடியோ போகும்.

இன்னொன்று பாக்கி. அந்தக் கட்டுமான நிறுவனம் தொழில்முறைக் கட்டணம் என்று 10% டி.டி.எஸ்., அதாவது வருமான வரிப் பிடித்தம், செய்தது. பிடித்தது என் பான் எண்ணில் ஏறினால்தான் எனக்குத் திரும்பும். காலாண்டு முடிந்து, என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தைத் திறந்து பார்த்தேன், இல்லை. ரிட்டர்னில் பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள், திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆடிட்டருக்கு நகல் வைத்து இந்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.