கொசுறு இல்லாத தராசு

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் திருச்சி போனவர்களுக்குத் தெரியும், புதுக்கோட்டை தாண்டி ஊருக்குள் நுழையும் முன்பே விமான நிலையம் வந்துவிடும். சின்ன வயதில் எனக்கு அது "திருச்சி வந்துருச்சு, செருப்பை மாட்டு" என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். இப்போது லீவு முடிந்து திரும்பும் நாட்களில் அதே நிறுத்தத்தில் இறங்கி நேராக வேலைக்குப் போகிறேன். ஒரு பெரிய விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டர். புதிய முனையம் 2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய பிறகு சேர்ந்தவள் நான். ஊரில் விசேஷ வீடுகளில் பார்க்கிற தங்கச்சிகள் எல்லாம் "எப்படிக்கா உள்ளே போனீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் நான் செய்த தப்பு. பி.காம் முடித்ததும், "நூறு சதவீதம் ஏர்போர்ட் வேலை" என்று போர்டு வைத்திருந்த ஒரு பயிற்சி மையத்தில் அம்மாவின் சீட்டுப் பணம் எழுபதாயிரத்தைக் கட்டினேன். அம்மா பலகாரம் போட்டு விற்பவர். எத்தனை தேன்குழல் பிழிந்தால் எழுபதாயிரம் வரும் என்று கணக்குப் போட்டால் இன்றும் வயிறு எரிகிறது. அங்கே கற்றது கொண்டை போடவும் புன்னகைக்கவும்தான். வேலை கிடைத்தது நிறுவனமே அறிவித்த நேர்முகத் தேர்வில். அங்கே அந்தச் சான்றிதழை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ரூபாய் கட்டணமும் கேட்கவில்லை.

"உங்க ஊர்ல ஏர்போர்ட் உண்டா?" என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. "ஓடுபாதை உண்டு சார், விமானம்தான் இல்லை" என்றேன். சிரித்துவிட்டார்கள். அதனால்தான் எடுத்தார்களோ என்னவோ.

தேர்வானதும் வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. பாஸ் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் அனுமதி அட்டையைத்தான் எல்லாரும் பாஸ் என்கிறோம். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. கல்லூரிக் காலத்தில் தேவகோட்டையில் அத்தை வீட்டில் தங்கியிருந்ததால் எனக்கு இரண்டு முகவரி, இரண்டு ஸ்டேஷன். நாங்கள் இருப்பதோ ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டில். வாசல் ஒரு தெருவில், பின்கதவு இன்னொரு தெருவில், கதவு எண்ணோ பழையது ஒன்று புதியது ஒன்று. விசாரிக்க வந்த காவலர் இரண்டு தெருவையும் சுற்றிக் களைத்து, "பலகாரக்கார அம்மா வீடுன்னு எழுதியிருக்கலாம்ல?" என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லையே. ஏழு வாரம் சம்பளமில்லாமல் காத்திருந்தேன். சேர நினைப்பவர்கள் ஆதார், சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

பயிற்சி வகுப்புகளில் எனக்குப் பிடித்தது ஆபத்தான பொருட்கள் பற்றியது. அவற்றை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். பெட்ரோல், பட்டாசு எல்லாம் எதிர்பார்த்ததுதான். நாலாம் வகையில் நம்ம ஊர்க் கொப்பரைத் தேங்காய் வந்தது! எண்ணெய்ச் சத்தினால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியதாம், பெட்டியில் போடக் கூடாது. பவர் பேங்க் கையில்தான் இருக்க வேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் கூடாது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, கூடுதல் பணம் கட்டினாலும் கூடாது, ஏனென்றால் அதைத் தூக்கிப் போடுகிறவருக்கும் முதுகு உண்டு. பயிற்சியாளர் ஒரு கணக்கும் சொன்னார்: 180 பேரும் ஆளுக்கு அரைக் கிலோ கூடக் கொண்டுவந்தால் 90 கிலோ, கணக்கில் வராத ஒரு ஆள் ஏறின மாதிரி.

நான் வளர்ந்த வீட்டில் தராசு அப்படிக் கறாராக நின்றதே இல்லை. ஒரு கிலோ கேட்டால் அம்மா நிறுத்துவிட்டு, மேலே ஒரு கை அள்ளிப் போடுவார். கொசுறு போடாமல் கட்டுவது அவருக்கு மரியாதைக் குறைவு.

கவுண்டரில் தனியாக உட்கார்ந்த முதல் வாரம், நள்ளிரவு தாண்டிய சிங்கப்பூர் விமானம். ஓர் ஆச்சி பேரனைப் பார்க்கப் போகிறார். விசா இருக்கிறது, பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லும், வருகை அட்டையும் நிரப்பியாகிவிட்டது. நான் அதையெல்லாம் இரண்டு தடவை பார்ப்பேன். தவறான ஆவணத்தோடு ஏற்றிவிட்டால் அங்கே அபராதமும் திரும்பக் கூட்டிவரும் பொறுப்பும் எங்கள் தலையில்தான். பெட்டியை வைத்தார். டிக்கெட்டில் அனுமதித்த 25 கிலோவுக்கு 25.7 காட்டியது.

"ஏத்தா, முக்கால் கிலோவுக்கா மல்லுக்கு நிக்கிறே?"

கைப்பையும் ஏற்கெனவே அதன் வரம்பான 7 கிலோவைத் தொட்டிருந்தது. வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். மேலேயே ஏழு பொட்டலம், மணகோலமும் சீப்புச் சீடையும். ஒவ்வொன்றிலும் நீல மையில் "1 கிலோ", அம்மா கையெழுத்து. ஒரு பொட்டலத்தைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 1.1. அந்த எழுநூறு கிராமும் அம்மா போட்ட கொசுறு.

யார் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பார், நானும் விட்டிருப்பேனோ என்று பயம். வழியனுப்ப வந்த மகன் ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். தராசு 24.6 காட்டியது, பெட்டி போய்விட்டது. ஆச்சி மட்டும் அந்தப் பொட்டலத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஷிப்ட் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், தீபாவளிக்கு லீவு கிடைக்காது, பிடித்தம் போகக் கையில் வருவது பதினேழாயிரம் சொச்சம். இவையெல்லாம் பழகிவிட்டன. டிக்கெட் வாங்கியவரைத் திருப்பி அனுப்புவது மட்டும் பழகவில்லை. பத்தாவது முடிக்காத அண்ணன் ஒருவர், அப்படிப்பட்டவர்கள் அங்கே வேலைக்குப் போக அரசிடம் வாங்க வேண்டிய குடிபெயர்வு அனுமதி இல்லாமல், கட்டட வேலைக்கு என்று வளைகுடாவுக்குக் கிளம்பி வந்தார். ஏஜெண்டின் போன் அணைந்திருந்தது. அவர் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு விடியும் வரை வெளியே படுத்திருந்தார்.

அடுத்த லீவில் அம்மாவிடம் எழுநூறு கிராம் கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து வெளிநாட்டு ஆர்டர் என்றால், "டிக்கெட்டுல எத்தனை கிலோ போட்டிருக்கு?" என்று கேட்டுத்தான் கட்டுகிறார். மின் தராசில் சரியாக ஒரு கிலோ வைத்து, பையின் வாயை ஒட்டி, நீல மையில் எழுதுகிறார். அப்புறம் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தனியாக ஒரு சின்னப் பையில் நாலு சீடையைப் போட்டுக் கட்டி, வாங்க வந்தவர் கையில் கொடுக்கிறார்.